அந்தக் கல்வளையம் ஆட்டுப்பட்டிதானா?

கேள்வி: "ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் நார்த் ரொனால்ட்சே என்ற சின்னத் தீவுக்குப் போயிருந்தேன். கடலோரமாகச் சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல் அடுக்கிய கல்வளையங்கள் நிறைய. சில முழுசாக நிற்கின்றன, சில இடிந்து புல் மூடிக் கிடக்கின்றன. எல்லாம் பழைய ஆட்டுப்பட்டி என்றார்கள். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்? எவ்வளவு பழசு? இடிந்துபோன பட்டியைப் பாதுகாக்க இவ்வளவு பாடுபடுவது எதற்கு?"

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்தவற்றில் எல்லாமே பட்டியாக இருக்காது. ஆர்க்னியிலும் அதற்கு வடக்கே ஷெட்லாந்திலும் "பிளாண்டிக்ரூ" என்று ஒன்று உண்டு. நாலைந்து மீட்டர் அகலத்தில் வட்டமாகவோ சதுரமாகவோ கட்டிய சின்னக் கல்லடைப்பு. அதற்குள் கீரைக்கோஸ் நாற்று வளர்த்தார்கள். காற்றையும் ஆட்டையும் வெளியே நிறுத்தத்தான் அந்தச் சுவர். பட்டியின் வேலைக்கு நேர் எதிரான வேலை. ஆனால் இரண்டும் இடிந்து கிடக்கும்போது ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வாசலைத் தேடுங்கள். நாற்றங்காலுக்குப் பெரும்பாலும் வாசலே இருக்காது. மனிதன் சுவரேறி உள்ளே குதித்துவிடுவான், ஆடு நுழைந்தால்தான் வினை. பட்டிக்கு வாசல் இல்லாமல் முடியாது. அந்த வாசலும் சும்மா ஓர் இடைவெளியாக இருக்காது. வாசலின் ஒரு பக்கத்திலிருந்தோ இரண்டு பக்கத்திலிருந்தோ நீளமாக ஒரு கைச்சுவர் வெளியே ஓடி, புனல் மாதிரி விரியும். துரத்தி வருகிற மந்தை அந்த அகன்ற வாய்க்குள் தெரியாமல் நுழைந்து, ஒடுங்கி, வேறு வழியில்லாமல் உள்ளே போய்விடும். இடிந்த பட்டியில் வட்டம் அழிந்துபோயிருந்தாலும் இந்தக் கைச்சுவரின் அடிக்கல் வரிசை புல்லுக்குள் தட்டுப்படும். நான் எந்தப் பாழ்ச்சுவரைப் பார்க்கப் போனாலும் முதலில் தேடுவது இதைத்தான். மந்தை எந்தத் திசையிலிருந்து வந்தது, ஆட்கள் எங்கே நின்று வளைத்தார்கள் என்பதை அது காட்டிவிடும்.

வாசல் நிலைக்கல் நின்றிருந்தால் அதை ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் முதல் தொடை உயரம் வரை அந்தக் கல் வழுவழுப்பாக இருக்கும். அதற்கு மேலே சொரசொரப்பும் பாசியும். நூறு வருடம் ஆட்டு மந்தை உரசிப் போனதால், ரோமத்தின் எண்ணெய் ஏறி வந்த பளபளப்பு அது. நாற்றங்காலில் இது இருக்காது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இன்று ஆடு படுத்திருக்கிறது என்பதற்காக ஒரு கல்கட்டை ஆட்டுக்குக் கட்டியது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தின் மேற்கே செயிண்ட் கில்டாவில் ஹிர்ட்டா தீவு முழுக்க ஆயிரத்துக்கு மேல் சின்னக் கல்குடில்கள் இருக்கின்றன. 'கிளெட்' என்று பெயர். மேலே புல்தரை போர்த்தியிருக்கும். கடற்பறவை இறைச்சி, முட்டை, எரிபொருள் எல்லாம் காற்றாட வைத்த சேமிப்பறைகள் அவை. 1930இல் கடைசி 36 பேரும் தீவை விட்டுக் கிளம்பினார்கள். 1932இல் பக்கத்துத் தீவான சோயேயிலிருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று மழைக்கும் காற்றுக்கும் அந்த ஆடுகளின் வம்சம் கிளெட்டுக்குள் ஒதுங்குகிறது. உள்ளே போனால் புழுக்கை மெத்தை. கதை தெரியாதவர் ஆட்டுக்கொட்டில் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இனி உங்கள் தீவுக்கு வருகிறேன். நார்த் ரொனால்ட்சேயில் பட்டிகளைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. தீவைச் சுற்றி ஓடும் அந்தப் பெரிய சுவரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆர்க்னியின் பெரிய வருமானம் கடற்பாசிதான். பழுப்புப் பாசியை அள்ளி உலர்த்தி, கரையிலேயே கல் பதித்த குழிகளில் எரித்து, கட்டியாக வரும் சாம்பலைக் கண்ணாடிக்கும் சோப்புக்கும் விற்றார்கள். நெப்போலியன் போர்கள் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வரத் தொடங்கியதும், 1830 வாக்கில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. நிலக்கிழாருக்கு இனி நிலத்திலிருந்துதான் காசு வர வேண்டும். உள்நிலம் பயிருக்கும் மாட்டுக்கும் வேண்டும். அப்படியானால் தீவு முழுக்கத் திரிந்துகொண்டிருந்த ஆட்டை என்ன செய்வது? 1832இல் தீவைச் சுற்றிலும் ஆளுயரத்துக்குக் கல்சுவர் எழுப்பி ஆட்டை எல்லாம் கடற்கரைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். சுவரின் நீளம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஆர்க்னியில் இப்படிப்பட்ட சுவருக்கு 'டைக்' என்று பெயர். ஊரை உள்ளே வைத்து ஆட்டை வெளியே வைத்த வேலி. தீவே ஒரு பெரிய நாற்றங்கால் ஆகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

வெளியே நின்ற ஆட்டுக்குக் கிடைத்த தீனி ஏறக்குறைய முழுக்கவும் கடற்பாசிதான். அந்த ஆடுகள் அதையே தின்று பிழைத்தன, இன்றும் பிழைக்கின்றன. ஓதம் இறங்கும்போது பாறைமேல் போய்ப் பாசி மேயும், ஓதம் ஏறும்போது கரையேறிப் படுத்து அசைபோடும். சூரியனைப் பார்த்து மேயாமல் கடலைப் பார்த்து மேயும் ஆடு. குளிர்காலப் புயல் பாசியைப் பிய்த்துக் கரையில் குவிப்பதால் மற்ற ஊர் ஆடு மெலியும் பருவத்தில் இது கொழுக்கும். பாசியில் செம்புச்சத்து குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ள இதன் உடம்பு பழகிவிட்டது. அதனாலேயே நல்ல புல்வெளியில் நெடுநாள் விட்டால் செம்பு கூடி நஞ்சாகிச் சாகவும் கூடும். சினை ஆடுகளை மட்டும் ஈற்றுக்கு முன்னால் உள்ளே கொண்டுவந்து, குட்டி தேறும்வரை புல்லில் வைத்திருந்து, கோடை கடந்ததும் திரும்பக் கரைக்கு அனுப்புவார்கள்.

கடற்பாசி தின்பது சுவர் கட்டியதால் வந்த பழக்கம் என்று பலர் எழுதுகிறார்கள். முழு உண்மை இல்லை. பக்கத்தில் பாப்பா வெஸ்ட்ரேயை ஒட்டிய சின்னத் தீவில் புதிய கற்காலக் கல்லறை ஒன்று இருக்கிறது. அங்கே கிடைத்த சுமார் 5,000 ஆண்டு பழைய ஆட்டுப் பற்களின் எனாமலில், தின்ற தீனியைக் காட்டிக்கொடுக்கும் கரிம ஐசோடோப்பை அளந்து பார்த்தார்கள். குளிர்காலத்தில் அவை கடற்பாசி தின்றிருந்தது தெரியவந்தது. பழக்கம் பழையது. 1832இன் சுவர் அதை வருடம் முழுக்கத் தின்ன வேண்டிய கட்டாயமாக்கியது.

பட்டிகளை அங்கே 'பண்ட்' என்கிறார்கள். சுவரை ஒட்டி இப்படி 9 பண்ட் இருக்கின்றன. இந்தச் சொல் நமக்கும் கொஞ்சம் பழக்கம்தான். பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து ஊர் 'பவுண்டு'க்கு ஓட்டிப்போய் அடைத்து, அபராதம் கட்டினால்தான் அவிழ்த்துவிடுவார்கள் என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1871இல் வெள்ளைக்காரன் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டத்தோடு ஊரூராகப் பரவிய சொல் அது. கொண்டித்தொழு என்பது நம் பழைய பெயர். பவுண்டும் பண்டும் ஒரே வேர். ஆனால் வேலை வேறு. நம் பவுண்டு தண்டனைக்கு, அவர்கள் பண்ட் கணக்குக்கு. வருடத்தில் சில நாள் தீவின் ஆடுகளை வளைத்துப் பிடித்து, எண்ணி, ரோமம் கத்தரித்து, யார் ஆடு எது என்று பிரிப்பதற்கான இடம்.

ஒரு கோடையில் இரண்டு வாரம் அந்தச் சுவரைத் திரும்ப அடுக்குகிற தன்னார்வலர்களோடு நானும் போயிருந்தேன். ஒருநாள் பண்டுக்கு ஆடு வளைத்ததைப் பார்த்தேன். ஓதம் நன்றாக ஏறியிருக்கும் வேளையாகப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். கடல் வற்றியிருந்தால் ஆடு பாறைக்குப் பாறை தாவி ஆள் போக முடியாத இடத்துக்குப் போய்விடும். கடல் ஏறியிருந்தால் தண்ணீருக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிய கரைதான் மிச்சம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சுவர், பின்னால் வரிசையாக ஆட்கள். கையை விரித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு, மெதுவாக நடந்தார்கள். வரிசையில் ஓர் இடத்தில் ஆள் குறைந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு கிடாய் திரும்பிப் பாய்ந்ததும் பின்னாலேயே இருபது முப்பது ஓடிவிட்டன. மறுபடி முதலிலிருந்து. பண்டுக்குள் ஆடு நிறைந்தபோது வந்த வாடை எனக்கு இராமநாதபுரத்துக் கிடை வாடையோடு கொஞ்சம் உப்பும் அயோடினும் சேர்ந்த மாதிரி இருந்தது. ஆடுகள் நம் குரும்பாட்டை விடச் சிறுசு. சாம்பல், கறுப்பு, பழுப்பு, வெள்ளை எனப் பல நிறம். காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்துத்தான் இது இன்ன வீட்டு ஆடு என்று சொல்கிறார்கள்.

இதை எல்லாம் ஒழுங்குபடுத்த 1839லேயே 'ஆட்டு நீதிமன்றம்' என்ற ஊர் அமைப்பு வந்துவிட்டது. எந்த வீட்டுக்கு எத்தனை ஆடு, சுவரில் எந்தப் பகுதியை யார் பராமரிக்க வேண்டும், என்றைக்கு வளைக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். அந்த ஒழுங்கின் கல்வடிவம்தான் நீங்கள் பார்த்த பண்ட். ஐஸ்லாந்தில் இதையே இன்னும் வெளிப்படையாகப் பார்க்கலாம். அங்கே 'ரியெட்' என்கிற பழைய கல்பட்டிகளில் நடுவே பொது முற்றம். அதைச் சுற்றி வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள் போலப் பிரிந்த அறைகள், ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அறை. மலையிலிருந்து இலையுதிர்காலத்தில் இறங்கிய மந்தையை முற்றத்தில் கலந்துவிட்டு அவரவர் அறைக்கு அவரவர் ஆட்டைப் பிரித்து இழுப்பார்கள். பாழடைந்த ரியெட் ஒன்றின் அறைகளை எண்ணினால் அந்த மேய்ச்சல் நிலத்தில் பங்கு வைத்திருந்தவர்களின் கணக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

வயதுக்கு வருகிறேன். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. சாந்தில்லாக் கல்சுவரைப் பார்த்து வயது சொல்லவே முடியாது. 3,000 வருடத்துக்கு முன்னால் அடுக்கியவனும் போன வருடம் அடுக்கியவனும் செய்தது ஒரே வேலை. பெரிய கல்லை அடியில் புதைத்து, இரு பக்கமும் முகம் வைத்து ஏற்றி, நடுவில் சில்லுக்கல் நிரப்பி, அங்கங்கே இரண்டு முகத்தையும் கோத்துப் பிடிக்கும் நீளக்கல் போடுவது. அதோடு கல் திரும்பத் திரும்பப் பயன்படும். இடிந்த வீட்டுக் கல் பட்டிக்குப் போகும், இடிந்த பட்டிக் கல் சுவருக்குப் போகும். கல் பழசாக இருக்கும், கட்டு புதுசாக இருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? சுவரும் சுவரும் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். பட்டியின் சுவர் பெரிய டைக்கின்மேல் சும்மா வந்து முட்டி நிற்கிறதா? இரண்டுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஒரு பிளவு தெரிகிறதா? அப்படியென்றால் டைக் முதலில் வந்தது, பட்டி பிறகு. பட்டி 1832க்குப் பிந்தியது என்று சொல்லிவிடலாம். கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடந்தால் இரண்டும் ஒரே கையில் எழுந்தவை. டைக் ஒரு பழைய வளையத்தின் மேலேறிக் குறுக்கே போயிருந்தால் அந்த வளையம் மூத்தது. ஒரு தேதி தெரிந்த சுவர் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை எல்லாம் முன்னே பின்னே வரிசைப்படுத்தலாம். நார்த் ரொனால்ட்சேக்கு அந்த வசதி இருக்கிறது. எல்லாத் தீவுக்கும் இருக்காது.

அந்தத் தீவிலேயே டைக்கைவிட மிகப் பழைய எல்லைகளும் உண்டு. 'மக்கிள் கெர்ஸ்டி', 'மாச்சஸ் டைக்' என்று இரண்டு மண்கரைகள் தீவின் குறுக்கே ஓடி அதை மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. ஒரு தகப்பன் மூன்று மகன்களுக்குப் பங்கு வைத்தான் என்பது ஊர்க்கதை. வரலாற்றுக்கு முந்தைய காலத்தவை என்பது ஆய்வாளர் கணிப்பு. நிலத்தைப் பிரித்து வேலி போடும் வழக்கம் அங்கே எவ்வளவு பழசு என்பதற்கு அந்தக் கரைகள் சாட்சி.

கல் பேசாத இடத்தில் மண் பேசும். இடிந்த பட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆட்டுச் சாணமும் மூத்திரமும் பல தலைமுறை விழுந்த மண்ணில் பாஸ்பேட் ஏறியிருக்கும். அது எளிதில் கரைந்து போகாது, நூற்றாண்டுகள் நிற்கும். மண்ணைச் சோதனைக்கு எடுக்காமலே கண்ணால் பார்க்கலாம். சுற்றிலும் வெளுத்த புல் இருக்க, வளையத்துக்குள் மட்டும் கரும்பச்சையாகப் புல் தழைத்திருக்கும். கூடவே காஞ்சொறி மாதிரி உடம்பில் பட்டால் தடிக்கிற செடி கூட்டமாக நிற்கும். அந்தச் செடிக்குப் பாஸ்பேட் என்றால் உயிர். கிடை போட்ட நிலத்தில் அடுத்த பருவம் பயிர் கறுத்து வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்து நுண்ணோக்கி. பட்டித் தரையிலிருந்து மண்ணைக் குலையாமல் ஒரு கட்டியாக எடுத்து, பிசின் ஊற்றி இறுக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக்கிப் பார்ப்பார்கள். குளம்பு மிதித்து மிதித்துச் சாணமும் மண்ணும் அப்பளம் அடுக்கியது போல ஏடு ஏடாக இருப்பது தெரியும். அசைபோடும் விலங்கின் குடலில் உருவாகும் மிகச் சிறிய சுண்ணாம்புருண்டைகளும் சாணத்தோடு வந்து தங்கியிருக்கும். புளித்த மண்ணில் அவை கரைந்துவிடும், சிப்பி மணல் கலந்த கடலோர மண்ணில் நிற்கும். சாணத்தில் மட்டும் முளைக்கும் பூஞ்சையின் வித்துகளும் கிடைக்கும். சுவரின் அடிக்கல்லுக்குக் கீழே இருட்டில் அடைபட்ட மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை ஒளிர்வுக் காலக்கணிப்பால் அளக்கலாம். சுவர் எழுந்த காலம் அதிலிருந்து பிடிபடும்.

மண்ணிலிருந்து பட்டியைக் கண்டுபிடித்ததற்கு நம் தென்னிந்தியாவிலேயே அருமையான எடுத்துக்காட்டு உண்டு. இன்றைய தெலங்கானாவில் உட்நூரில் ஒரு பெரிய சாம்பல்மேடு. எரிமலைச் சாம்பலா, பலியிட்ட இடமா என்று பலவாறு பேசினார்கள். 1957இல் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் அகழ்ந்தபோது, மரக்கம்பம் நட்டு அடைத்த புதிய கற்கால மாட்டுப்பட்டி அது, குவிந்த சாணம் எரிந்து எரிந்துதான் சாம்பல்மேடானது என்று தெளிந்தது. மாட்டுக் குளம்பு பதிந்த தடமே அங்கே அப்படியே கிடைத்தது. அந்தப் பட்டியில் கல் அடைப்பே கிடையாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு முக்கியமான பகுதி அதுதான். 1881இல் அந்தத் தீவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 72 பேர். ஒரு வீடு ஒரு துண்டு என்று பிரித்துப் பராமரித்த 20 கிலோமீட்டர் சுவர் அப்படியே இருக்கிறது, அடுக்கும் கைதான் இல்லை. 2012 டிசம்பர் புயலில் கடல் பல இடங்களில் சுவரை வாரிக்கொண்டு போனது. சாந்தில்லாச் சுவர் காற்றைத் தன் இடுக்குகளில் விட்டுவிடுவதால்தான் நிற்கிறது, ஆனால் அலைக்கு அந்த உபாயம் எல்லாம் போதாது. 2016இலிருந்து கோடைகளில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கி அடுக்கிக் கொடுக்கிறார்கள். சுவர் உடைந்தால் ஆடு உள்ளே வரும், புல் தின்னும், உள்ளே இருக்கும் மற்ற இனத்தோடு கலக்கும். அந்த ஆட்டினம் அங்கே தனியாக நின்றதற்குச் சுவர் ஒரு காரணம். ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நோய் வந்து அடியோடு அழிந்துவிடலாம் என்று பயந்துதான் 1974இல் ஸ்ட்ரான்சேக்குப் பக்கத்திலுள்ள லிங்கா ஹோம் என்ற ஆளில்லாத் தீவுக்கு ஒரு மந்தையைப் பிரித்துக் கொண்டுபோனார்கள்.

நான் போன சமயம் ஒருநாள் முழுக்க உழைத்து நாங்கள் நாலு பேர் அடுக்கியது மூன்று மீட்டர்கூட வரவில்லை. கடல் உருட்டிய கல் உருண்டையாக இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. எடுத்த கல்லைக் கீழே போடாதே, அதற்கு இடம் கண்டுபிடி என்பார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். சுவரின் இடுக்குகளில் பழைய ரோமம் சிக்கிக்கொண்டிருந்தது. பிரிக்கிற கல்லுக்குக் கல் அதை எடுத்து ஓரமாக வைத்தேன். எறிய மனம் வரவில்லை.

தமிழ் வாசகருக்குப் பக்கத்தில் இதே வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு இருக்கிறது. அங்கே பவளக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஓடுகின்றன. போர்த்துக்கேயர் அந்தத் தீவைப் பசுத்தீவு என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். காட்டுக் குதிரைகள் இன்றும் திரிகின்றன. அந்த வேலிகளிலும் எது வளவு எல்லை, எது கால்நடை அடைப்பு என்று மூலை மூலையாகப் பார்த்துப் பதிவுசெய்வது செய்ய வேண்டிய வேலை. கட்டுமானத்துக்குக் கல் எடுக்கும் கை ஒரு பகலில் அழித்துவிடக் கூடியவை அவை.

நீங்கள் படங்களும் அனுப்பியிருந்தீர்கள். மூன்றாவது படத்தில் உள்ள வளையத்துக்கு வலப்பக்கமாகக் கைச்சுவர் போல ஒரு கல்வரிசை நீள்கிறது, எனக்கு அது பட்டி என்றுதான் படுகிறது. ஆனால் அது பெரிய சுவரோடு சேரும் மூலையை உங்கள் நண்பரின் தோள் மறைத்துவிட்டது. மறுபடி அந்தப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் அந்த மூலையை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கல்லை எடுத்துப் பார்க்க வேண்டாம், எடுத்த இடத்தில் அது திரும்ப உட்காராது.